இருபத்து மூன்றாவது கேள்வி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
வேகன்களை எண்ணினேன், ஐம்பத்தெட்டு.
எண்ணுவதுதான் எனக்கு வேலை.

அப்போது எங்கள் பள்ளி
தையல் மிஷின் கடைக்கு மேலே இரண்டு அறை.
பொதுச் சுகாதாரப் பள்ளி என்று பலகை பார்த்து
ஒன்றாம் வகுப்புக்கு இடம் கேட்டு
பிள்ளையை இடுப்பில் வைத்தபடி
ஒருத்தி படியேறி வந்ததும் உண்டு.

எர்ணாவூரில் டில்லிராணி வீட்டு வாசல்.
லாரி வருவதற்கு முன்பே
குடங்கள் வரிசையில் நின்றன.
பெயர், வயது, எத்தனை பேர், என்ன அடுப்பு
எல்லாம் கேட்டு முடித்து
இருபத்து மூன்றுக்கு வந்தேன்:
வீட்டில் யாருக்காவது மூச்சுத்திணறல் உண்டா?
உண்டு எனில் ஒன்று. இல்லை எனில் இரண்டு.

"எந்நேரத்துக்குக் கேக்குற?" என்றாள்.

பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"பகல்ல கேட்டா இல்ல.
ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கேளு.
எவனோ தொறந்து வுடுவான்,
சின்னவன் எழுந்து குந்திக்குவான்,
தொண்டைக்குள்ள விசிலு.
புயலடிச்ச வருசம் ஒருத்தி வந்தா,
அப்புறம் கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன்,
எல்லாம் எழுதிக்கினு போனாங்க.
அந்தப் பேப்பரெல்லாம் இன்னாம்மா ஆச்சு?
சுண்டல் மடிச்சிட்டாங்களா?"

ஒன்று என்று குறித்தேன்.
ஓரத்தில் பென்சிலால்: இரவு இரண்டு.
ஓரத்தில் எழுதுவதைக் கணினி வாங்காது.

பிறகு நாங்கள் வளர்ந்தோம்.
முதுநிலை வந்தது, முனைவர் பட்டம் வந்தது,
ஐந்து மாடி வந்தது, அடிக்கடி நிற்கும் லிஃப்ட் வந்தது,
குத்துவிளக்கு ஏற்ற யாரோ வந்தார்.
மக்கள் பங்கேற்புக்குத் தனித்துறை,
துறைக்கு ஓர் அறை, அறைக்கு ஏசி.
முதல் கூட்டத்துக்கு நாற்பது நாற்காலி போட்டோம்.
வந்தவர் மூன்று பேர்,
அதில் ஒருவர் டீ கொண்டுவந்தவர்.
தண்ணீர் லாரி நேரத்தில்
கூட்டம் வைத்த அறிவாளி நான்தான்.

அடுத்ததை எர்ணாவூரிலேயே வைத்தோம்,
இரவு ஒன்பதரை, ரேஷன் கடை ஷட்டருக்கு முன்னால்.
ஊதிப் பார்க்கும் குழாயைக் கொண்டுபோனோம்.
பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு ஊதினார்கள்.
மூட்டை தூக்கும் நாகபூஷணம்
மீசையை ஒதுக்கிவிட்டு ஊதினார்.
இருநூற்று நாற்பது.
"நல்ல மார்க்கா?" என்றார்.
அவர் உயரத்துக்கு ஐந்நூறு தாண்ட வேண்டும்.
நான் எண்ணை மட்டும் எழுதினேன்.

அன்றுதான் டில்லிராணி
மளிகைக் கணக்கு நோட்டைக் கொடுத்தாள்.
முன்பக்கம் பருப்பு, புளி, பாக்கி.
பின்பக்கத்திலிருந்து திருப்பினால்
தேதி, மணி, நாற்றம்:
1.40 அழுகின முட்டை.
2.15 கேஸு.
3.00 பெயின்ட்டு, சின்னவன் வாந்தி.
பதினான்கு மாதம்.
எங்களில் ஒருவரும்
ஒரு வாரம்கூட எழுதியதில்லை.

இப்போது அச்சான படிவத்தில்
இருபத்து மூன்றாவது கேள்விக்குக் கீழே
இருபத்துநான்கு சிறு கட்டங்கள், மணிக்கு ஒன்று.
ஆண்டறிக்கையில் ஐந்து மாடிக்கும் படம் உண்டு,
இந்தக் கட்டங்களுக்கு இல்லை.

நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வை
அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கையில் எடை பார்த்தாள்.
தன் நோட்டு எந்தப் பக்கம் என்று கேட்டு
அங்கே ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டாள்.
திங்கட்கிழமை மனு நாள்.
போனாள். அடுத்த திங்களும் போனாள்.
ரசீது மூன்று இருக்கிறது.
புகை நிற்கவில்லை.

நேற்று இரவு போன் வெளிச்சம்.
அவள் குரல்:
"ரெண்டு பத்து. இன்னிக்கு பெயின்ட்டு. எழுதிக்க."

எழுதிவிட்டு எழுந்து
ஜன்னலைச் சாத்தினேன்.
எங்கள் தண்டையார்பேட்டை வரைக்கும் வந்திருந்தது.
பக்கத்தறையில் என் மகள்
எழுந்து உட்காரும் சத்தம்.

ஒன்பது வருடம், நாலாயிரம் வாசல்.
என் வீட்டுக்கு இன்னும்
படிவம் போடவில்லை.